முன்னவரே மன்னவர்

எங்கள் வீட்டின் இப்போதைய குவார்ட்டர்பேக் நான்தான். எனக்கு மரியாதை குறைவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தத் தெளிவை எனக்குத் தந்தது டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் இங்கே டெக்சாஸ் பல்கலைக்கழகப் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். நாம் உதைத்து ஆடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க வகை. ஸ்டேடியத்தில் லட்சம் பேர் கூடுவார்கள், பெரும்பாலும் சுட்ட செங்கல் நிறச் சட்டையில். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் டிவியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, இத்தனை பேர் காவி கட்டியிருக்காங்க, எந்தக் கோயில் விசேஷம்?" என்றார். விசேஷம் என்பது சரி, கோயில் என்பதும் ஏறக்குறைய சரி என்றேன்.

ஆட்டம் இதுதான். நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பெரும்பாலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவன் நொடியில் முடிவெடுக்க வேண்டும். எடுப்பதற்குள் நூற்றிருபது கிலோ ஆசாமிகள் நாலு பேர் மேலே வந்து விழுவார்கள். முடிவு சரியாக அமைந்தால் அவன் தெய்வம். தவறினால் குடும்பத் தலைவன்.

பக்கத்து வீட்டு கராஜில் கார் தவிர மற்ற எல்லாம் உண்டு. பெரிய டிவி, ஃபிரிட்ஜ், மடக்கு நாற்காலிகள், வாசலில் இறைச்சி வாட்டும் புகையடுப்பு. எங்கள் வீட்டில் துவைத்த துணியை மடிக்க ஆள் தேடும் நேரம் பார்த்து நான் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த வருஷத்துப் பையன் ஒரு பந்தைக் கோணலாக எறிந்தால் போதும், அந்த வீட்டின் மூன்று தலைமுறையும் டிவியை அப்படியே விட்டுவிட்டுப் பழைய காலத்துக்குக் கிளம்பிவிடும்.

பெரியவர் இறங்கும் இடம் 1969. டிசம்பர் 6-ஆம் தேதி, ஃபயட்வில் ஊரில் ஆர்கன்சாவோடு ஆட்டம். அந்த வருஷம் அதுவரை இரண்டு அணியும் தோற்கவில்லை. அதிபர் நிக்சனே பார்க்க வந்திருந்தார். மூன்று பாகம் முடிந்தபோது டெக்சாஸ் 14-0 என்று பின்தங்கியிருந்தது. நாலாம் பாகம் தொடங்கியதுமே ஜேம்ஸ் ஸ்ட்ரீட் பந்தோடு 42 கெஜம் ஓடினார். பிறகு நாலாவது வாய்ப்பில் மூன்றே கெஜம் தேவைப்பட்ட இடத்தில், யாரும் எதிர்பாராதபடி தூர எறிந்தார். ராண்டி பெஷெல் அதைப் பிடித்தபோது 44 கெஜம் கடந்திருந்தது. கடைசியில் 15-14. ஸ்ட்ரீட் தொடக்கத்திலிருந்தே குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கிய 20 ஆட்டத்திலும் வெற்றிதான். இதைச் சொல்லும்போது பெரியவர் தொப்பியைக் கழற்றிவிடுவார். அன்று முக்கால்வாசி ஆட்டம் வரை டெக்சாஸ் பந்தைத் திரும்பத் திரும்ப எதிரணிக்குத் தானம் செய்துகொண்டிருந்தது அவர் கதையில் வராது. அந்த அணியில் ஒரு கறுப்பினப் பையன்கூட இல்லை என்பதும் வராது. எதை விட்டுவிட வேண்டும் என்று பழம்பெருமைக்கு நன்றாகவே தெரியும்.

அவர் மகனுக்கு வின்ஸ் யங். ஹூஸ்டனிலிருந்து வந்த கறுப்பினப் பையன். 2006 ஜனவரி 4, பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானம். எதிரே தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம். தொடர்ந்து 34 ஆட்டம் வென்று வந்த அணி, வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர்களே இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஏழு நிமிஷம்கூட மிச்சமில்லாதபோது டெக்சாஸ் 12 புள்ளி பின்னால் இருந்தது. கடைசியில் நாலாவது வாய்ப்பு, ஐந்து கெஜம் வேண்டும். எறிய ஆள் கிடைக்கவில்லை. வின்ஸ் யங் வலது மூலையைப் பார்த்து ஓடினார், எல்லையைத் தாண்டும்போது மிச்சம் 19 நொடி. 41-38. எறிந்து 267 கெஜம், ஓடி 200 கெஜம். இதில் முக்கால் பங்கு புகழ்தான் வின்ஸ் யங்குக்கு. மீதி, அன்று முழுக்க சோபாவின் இடது ஓரத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மகனுக்கு. முதல் பாதியில் வின்ஸ் யங்கின் முழங்கால் தரையில் பட்ட பிறகு, அதாவது விதிப்படி அந்த ஓட்டம் முடிந்த பிறகு, பந்தை இன்னொருவரிடம் தள்ளினாரே, நடுவர்கள் கவனிக்காமல் அதற்கும் புள்ளி கிடைத்ததே என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். அன்று என் தட்டில் விழுந்த இறைச்சித் துண்டு மிகச் சிறியது.

பேத்திக்கு கோல்ட் மெக்காய். 45 ஆட்டம் வென்றவர், அந்தக் காலத்தில் அதுவே தேசிய சாதனை. 2010 ஜனவரியில் அலபாமாவுக்கு எதிரான சாம்பியன் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேறினார். டெக்சாஸ் 37-21 என்று தோற்றது. "அவர் மட்டும் இருந்திருந்தால்" என்று பேத்தி ஆரம்பித்தால் அப்பாவும் தாத்தாவும் வாயைத் திறக்க முடியாது. நடக்காத ஆட்டத்தில் மெக்காய் ஒரு பந்தைக்கூட நழுவவிட்டதில்லை.

ஒருநாள் மாமனாரையும் அழைத்துப் போனேன். அவர் பங்குக்கு 1975, சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ், ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் விஸ்வநாத் 97 நாட் அவுட் என்று எடுத்துவிட்டார். கிரிக்கெட் என்றால் என்னவென்றே அறியாத பெரியவர் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் கதைகளில் எனக்கு நெருக்கமானவர் இவர்களில் யாரும் இல்லை. பில் பிராட்லி. 1968-இல் ஊரே கொண்டாடிய குவார்ட்டர்பேக் அவர்தான். முதல் ஆட்டம் சமன், இரண்டாவது ஆட்டமும் கைநழுவிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் டாரெல் ராயல் பெஞ்சிலிருந்த ஸ்ட்ரீட்டை எழுப்பி உள்ளே அனுப்பினார். அத்தோடு பிராட்லியின் நாற்காலி போயிற்று, அவரைத் தடுப்பு வரிசைக்கு மாற்றினார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த வருஷமே டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்ற எதிரணி எறிந்த பந்துகளில் நாலைப் பறித்தார்.

என்னையும் தடுப்பு வரிசைக்கு மாற்றி வெகுகாலம் ஆகிறது. குப்பைத் தொட்டி, பாத்திரம், மடிக்காத துணி. போன வாரம் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்து, ஒழுகும் குழாயோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "அப்பா பார்த்துக்கிட்ட வரைக்கும் எங்க வீட்ல குழாயே ஒழுகினதில்லைங்க" என்றாள் மனைவி. மாமனார் அடக்கமாகச் சிரித்தார். ஒழுகாத குழாயைச் சரிசெய்தவரை யார் ஜெயிக்க முடியும்?

ஆகவே நானும் முன்னாள் ஆகும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அது நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. நேற்று ராத்திரி சாப்பாட்டில் என் கைவண்ணத்தைப் புரட்டிப் பார்த்த மகன், "சின்ன வயசுல அப்பா ஊத்தின தோசை மாதிரி இப்ப எதுவுமே இல்லை" என்று பெருமூச்சு விட்டான்.

"அது நான் ஊத்தினதுடா. அப்பா தட்டுல எடுத்து வச்சாரு, அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

நான் தலையை நிமிர்த்தவில்லை. முழங்கால் தரையில் பட்டதா என்று பார்ப்பது நடுவர் வேலை.