விளையாட்டில் ஒளிந்த வாழ்க்கை

கேள்வி: "வீடியோ கேமிலும் தத்துவம் இருக்குப்பா" என்கிறான் என் மகன். நம்பலாமா?

பதில்: பரீட்சைக்கு முந்தின நாள் சொன்னால் நம்பாதீர்கள். மற்ற நாளில் நம்பலாம்.

2007-இல் ஜேசன் ரோரர் என்ற அமெரிக்கர் 'பாசேஜ்' என்றொரு கேம் செய்தார். மொத்தமே ஐந்து நிமிடம். திரை 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம்; ரிப்பன் மாதிரி இருக்கும். இளைஞன் ஒருவன் வலப்பக்கமாக நடக்கிறான். வழியில் ஒரு பெண். தொட்டால் கல்யாணம், அப்புறம் ஒட்டியேதான் நடக்க வேண்டும். கீழே இறங்கினால் புதையல் பெட்டிகள். ஆனால், தனியாள் நுழைகிற சந்துகளில் ஜோடி நுழைய முடியாது. பெட்டி கண்ணெதிரே இருக்கும், கைக்கு எட்டாது. ஈடாக, ஜோடியாய்க் கடக்கும் புதுத் தூரத்துக்கு இரட்டை மதிப்பெண். வசனமே கிடையாது. (குடும்பஸ்தர்களுக்குத் தேவையும் இல்லை.) முடி நரைக்கிறது. திடீரென்று அவள் ஒரு கல்லறைக் கல். அவன் நடை தளர்கிறது. சற்று நேரத்தில் அவனும் போய்ச் சேர்கிறான். எத்தனை மதிப்பெண் சேர்த்திருந்தாலும் இதே கதிதான்.

சினிமாவில் பார்த்தால் "ஐயோ பாவம்" என்று எழுந்து போய்விடுவோம். இங்கே அந்தப் பெட்டியை வேண்டாம் என்று விட்டு வந்தது நாமே, அதுதான் உறுத்துகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாகச் சேர்த்த 14 கேம்களில் இதுவும் ஒன்று.

மகன் எதை விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விடிய விடியத் துப்பாக்கிச் சத்தம் மட்டுமே கேட்டால், தத்துவம் அவன் வாயில் மட்டும்தான் இருக்கிறது.