குரோம்பேட்டையில் ஃபோர் பை ஃபோர்: ஓர் ஆய்வுச் சுருக்கம்

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்த வட்டாரத்தில் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக எங்கேயோ போய் வந்துகொண்டிருக்கிறான் என்பது அதனால் உறுதியாயிற்று. எதில் போனான் என்பதற்குச் சான்றில்லை. இரண்டு காலால் போனான் என்று கொள்வதே பொருந்தும். அதாவது டூ வீல் டிரைவ். அதிலிருந்து ஃபோர் வீல் டிரைவுக்கு மாற குரோம்பேட்டைவாசி ஏன் துணிந்தார், துணிந்தவர் நம்பி வாங்கத்தக்க வண்டி எது என்பவையே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வின் எல்லை: வடக்கே பல்லாவரம், தெற்கே தாம்பரம் சானடோரியம், மேற்கே திருநீர்மலை, கிழக்கே சிட்லப்பாக்கமும் அஸ்தினாபுரமும். முதன்மைச் சான்றுகள்: தெருவில் நிற்கும் வண்டிகள், அவற்றின் உரிமையாளர்கள், மெக்கானிக்குகள். துணைமைச் சான்றுகள்: யூட்யூப், மைத்துனர்கள். சான்றுகள் முரண்பட்ட இடங்களில், குடும்ப அமைதி கருதி, மைத்துனர் கூற்றே ஏற்கப்பட்டது.

இத்துறையில் இவ்வூருக்கு மரபில்லை என்று சொல்லிவிட முடியாது. 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில் முதன்முதலாக வைத்த பாடப்பிரிவுகளில் ஆட்டோமொபைல் பொறியியலும் ஒன்று. வண்டியைப் பிரித்து மேய்கிற கல்லூரி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் எந்த வண்டி வாங்கலாம் என்று அங்கே போய்க் கேட்டவர் ஒருவரும் களப்பணியில் அகப்படவில்லை. எல்லோரும் கேட்டது அபார்ட்மென்ட் லிஃப்டில். கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "எவ்ளோ சார் குடுக்குது?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இதன் பொருள். டிஃபரன்ஷியல் லாக் பற்றி லிஃப்டில் யாரும் கேட்பதில்லை.

இனி நிலப்பரப்பு. விளம்பரங்களில் இவ்வகை வண்டிகள் பாலைவனத்தில் மணலை வாரி இறைக்கும், பனியைக் கிழித்துக்கொண்டு போகும். குரோம்பேட்டையில் இரண்டும் இல்லை. திருநீர்மலையில் மலை உண்டு. ஆனால் பெருமாளைப் பார்க்கப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். ஆக, இவ்வட்டாரத்தில் வண்டி ஏற வேண்டிய ஒரே மேடு வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான். பழைய ரோட்டின்மேல் புது ரோடு, அதன்மேல் இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டுத் தெரு உயர, வீடு இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குப் போனது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கி நுழைகிறவர்கள் இங்கே உண்டு. 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு முன்பே பள்ளத்துக்குப் போய்விட்ட வீடுகளுக்கு அந்த உத்தரவு ஒன்றும் செய்ய முடியாது. காலையில் போர்ட்டிகோவிலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்தப் பத்தடிக்கு, நான்கு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ கியர் போடுவதாகச் சொன்ன உரிமையாளர் ஒருவரை ஆய்வாளர் நேரில் சந்தித்தார். மற்றபடி அந்த கியரை எங்கே பயன்படுத்தினீர்கள் என்றதற்கு அவர் பேச்சை மாற்றினார்.

அடுத்தது எலுமிச்சைச் சோதனை. புது வண்டிக்குப் பூசை போட்டு நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். நான்கும் நசுங்கின, ஆகவே நான்கும் உழைக்கின்றன என்று முடிவுகட்டுவோர் உளர். இது பிழை. பின்சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியும் நான்கு பழத்தையும் நன்றாகவே நசுக்கும். 2023 ஜனவரியில் மகிந்திரா நிறுவனம் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தார் வண்டியைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியபின் இக்குழப்பம் முற்றியது. உருவம் அதேதான், மிடுக்கும் அதேதான். எனவே பழத்தை நம்பாமல், கியர் கம்பிக்குப் பக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கம்பி இருந்தாலும் ஊர் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் அதைத் தொடக்கூடாது என்பதுதான் இவ்வாய்வின் சோகமான பகுதி. தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓடும், பின்சக்கரங்கள் குறைவாக ஓடும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி இதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காமல் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே, கூடுதலாகச் சில லட்சம் கொடுத்து வாங்கிய வசதியை மழை பெய்யும்வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

சரி, மழை பெய்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. தென்சென்னைக்காரர் மனத்தில் ஃபோர் பை ஃபோர் ஆசைக்கு விதை விழுந்தது அன்றுதான் என்பது ஆய்வாளர் கருதுகோள். ஆனால் நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளினால் கிடைப்பது பிடி, மூச்சு அல்ல. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கம், பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் நான்கு சக்கரமும் ஒற்றுமையாக நிற்கும்.

தார் 650 மில்லிமீட்டர் தண்ணீர்வரை போகும் என்கிறது அதன் நிறுவனம். கூர்க்கா என்ற வண்டி 700, அதிலும் காற்றுக்குழாயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மேலே தூக்கி வைத்தே விற்கிறார்கள். மக்களோ வேறு முடிவுக்கு வந்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றன. அங்கே எத்தனை சக்கரம் உழைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம்பகம் என்பதை அளக்க ஆய்வாளர் எல்லையைக் கொஞ்சம் மீற வேண்டியதாயிற்று. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கு மேலே. சூரியநெல்லியிலிருந்து பாறைத் தடத்தில் நாள்தோறும் ஆளேற்றிப் போகிறவை பழைய மகிந்திரா ஜீப்புகள். ஏசி இல்லை, தொடுதிரை இல்லை, கதவே சிலவற்றில் பெயருக்குத்தான். ஆனால் நின்றுபோனால் ஓட்டுநரே இறங்கிக் கழற்றி மாட்டிவிடுவார். நம் ஊரில் சென்சார் ஒன்று கோளாறானால் லேப்டாப் வைத்திருக்கும் தம்பி வரவேண்டும். ஆக, வாங்கும்முன் பார்க்க வேண்டியது வண்டியை மட்டுமல்ல. அதைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் எத்தனை தெரு தள்ளி இருக்கிறார் என்பதையும்.

முடிவுகள். குறுக்குத்தெருவில் குடியிருப்போர் அகலத்தைப் பார்க்கவும்: ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், தார் 1,820, ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ் 1,870. எதிரே தண்ணீர் லாரி வரும்போது இந்த வித்தியாசம் புரியும். ஏரியை ஒட்டி வீடு கட்டியவர் கூர்க்காவைப் பார்க்கலாம், அதற்குள் ஏறும் முழங்கால் வலு இருந்தால். பழைய வண்டி வாங்குவோர் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்க்கவும். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் பெல்ட்டின் அடிப்பகுதியில் வண்டல் கோடு தெரியும், பாலிஷ் போடுகிறவர் அதுவரை போவதில்லை. மற்ற எல்லோருக்கும், தரையிலிருந்து நல்ல உயரமுள்ள டூ வீல் டிரைவே போதும். இதை ஏற்கமாட்டீர்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேருங்கள். சாதாரண பாலிசி தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பொதுவாகப் பணம் தராது. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்; ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். வந்து உங்கள் ஃபோர் பை ஃபோரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற அந்த லாரி, பெரும்பாலும், பின்சக்கரம் மட்டும் இயங்குகிற வண்டிதான்.