இயற்பியல் மீது திடீர்க் காதல்

பிலானி பிட்ஸில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் உண்டு. முதலில் எம்.எஸ்சி. இயற்பியலில் சேரலாம், முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து பி.இ.யில் ஒரு பிரிவு ஒதுக்குவார்கள். ஆகவே பலருக்கு இயற்பியல் என்பது சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போகிற சமாச்சாரம். கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்துவிட்டால் குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு ஒரு கும்பிடு.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பக்தி முற்றும். அமெரிக்க இயற்பியல் துறைக்குப் போகும் கடிதத்தில் 'கருவி செய்யத் தெரிந்த கோட்பாட்டாளன்'. மின்னியல் துறைக்குப் போவதில் 'கோட்பாடு தெரிந்த கருவிக்காரன்'. இரண்டும் சிறு வயது முதலே.

மின்பொறியியலிலிருந்து இயற்பியலுக்குத் தாவிய முன்னோடிகளுக்குப் பஞ்சமில்லை. டிராக் 1921-ல் பிரிஸ்டலில் மின்பொறியியல் முடித்தார். வேலை கிடைக்கவில்லை, கணிதம் படிக்கப் போனார், 1933-ல் நோபல் வந்தது. அன்றைக்கு எவனாவது வேலை கொடுத்துத் தொலைத்திருந்தால் அவர் கணித்துச் சொன்ன பாசிட்ரான் இன்னும் கொஞ்ச காலம் காத்திருந்திருக்கும். பார்டீன் விஸ்கான்சினில் மின்பொறியியல், பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். இயற்பியல் நோபல் மட்டும் இரண்டு, 1956-லும் 1972-லும்.

இதை நம் வீட்டு அப்பாக்களிடம் சொல்லிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, கேம்பஸ்ல அவங்களுக்கு என்ன பேக்கேஜ் வந்துச்சு?" என்பார்கள்.