கோட்டைக்குள் கட்டில் போட்டவர்களுக்கு

கடற்படைத் தளபதி அவர்கட்கு,

விடயம்: ஹம்மன்ஹீல் கோட்டை விடுதியின் மேலதிக அபிவிருத்தி

மேற்படி விடயம் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையைத் தாங்கள் சொகுசு விடுதியாக்கி நடத்துவதில் எங்களுக்குப் பெருத்த சந்தோசம். பறங்கியர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். வெள்ளைக்காரர் சிறையாக்கினார்கள். 1971 கிளர்ச்சியில் அகப்பட்ட ஜே.வி.பி. பெடியளையும் அங்கேதான் அடைத்தார்கள். இவ்வளவு பேரிடம் கைமாறியும் ஒருவருக்காவது அங்கே மெத்தை போடத் தோன்றவில்லை. அந்த ஜே.வி.பி.யின் தலைவர்தான் 2024 முதல் சனாதிபதி, தங்களுக்கும் மேலான முப்படைத் தளபதி. அவருடைய மூத்த தோழர்கள் கம்பி எண்ணிய இடத்தில் தாங்கள் காசு எண்ணுகிறீர்கள். அவருக்கு இது தெரியுமோ என்னவோ, ஒருமுறை அழைத்து அறையைக் காட்டலாம்.

பராமரிப்பில் குறை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் பழைய கச்சேரி எத்தனையோ வருடம் கூரையில்லாமல் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். உங்கள் கோட்டைச் சுவரைக் கண்டால் பொறாமைதான் வருகிறது.

விருந்தினருக்கு வரலாறு சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஒல்லாந்தர் முற்றுகையில் கோட்டை பணிந்தது குடிநீர் இல்லாமல். பீரங்கி வைத்திருந்த பறங்கியரே தாக்குப்பிடிக்கவில்லை. கரையிலோ கிணறெல்லாம் உவர். சனம் பவுசர் வரும்வரை குடத்தோடு நிற்கிறது. இவர்கள் ஏன் இன்னும் சரணடையவில்லை என்று வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால், பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

படகுச் சேவையும் அப்படித்தான். விருந்தினரைக் கோட்டைக்கு ஏற்றிப் போகக் கடற்படைப் படகு இருக்கிறது. அதே கடலில் ஊர்காவற்றுறைக்கு ஓடும் எங்கள் ‘பாதை’ என்ற மிதவை பழுதாகிவிட்டால் பொன்னாலை, வட்டுக்கோட்டை, யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று குடாநாட்டில் பாதியைச் சுற்றித்தான் எதிர்க்கரைக்குப் போகவேண்டும். இதையும் சுற்றுலா என்றே வையுங்கள், கட்டணம் வேண்டாம்.

போட்டி கடுமை என்பது எங்களுக்கும் தெரியும். 1990இல் சனத்தை எழுப்பிய வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக் கடலோரத்தில், இராணுவம் தல்செவன விடுதியை நடத்துகிறது. திருகோணமலையில் விமானப்படைக்கு மார்பிள் பீச் விடுதி. முப்படையும் வரவேற்பு மேசைக்கு வந்தாயிற்று. யாழ்ப்பாணத்தில் பழைய வீடொன்றைத் திருத்தி விடுதி நடத்துகிறவர் வங்கியில் கடன்பட்டு, வேலையாட்களுக்குத் தன் கையால் சம்பளம் கொடுக்கிறார். தங்கள் வெயிற்றருக்குத் திறைசேரி கொடுக்கிறது. அவர் கொண்டுவந்த கறியில் உப்புக் கூடிப்போனால், படைச்சிப்பாயிடம் அதை எந்தக் குரலில் சொல்வது?

காரைநகர்த் தளத்துக்கு எலார, அதாவது எங்கள் எல்லாளன் பெயரையே வைத்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. மகாவம்சம் அவனுடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணியைச் சொல்கிறது. நியாயம் கேட்டு வருகிறவன் வெளியே நின்று கயிற்றை இழுத்தால் அரசன் எழும்பவேண்டும். தங்கள் விடுதியிலும் கட்டிலருகே மணி இருக்கலாம், ஆனால் அதை அடிப்பவர் கட்டிலில் படுத்திருப்பவர். வெளியில் நிற்கும் எங்களுக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டால் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும்.

அதுவரை இந்த விண்ணப்பத்தையே மணியாகக் கொள்ளவும். கோட்டையைத் தொல்லியல் திணைக்களத்திடமும் விடுதியைக் காரைநகர்ப் பிரதேச சபையிடமும் ஒப்படையுங்கள். படகோட்ட எங்கள் கடற்றொழிலாளர் இருக்கிறார்கள், சமைக்க எங்கள் பெண்கள் இருக்கிறார்கள். வரும் காசில் முதலில் தண்ணீர்க் குழாய் போடுவோம். விடுமுறையில் தாங்களும் வாருங்கள், சாதாரண உடுப்பில். அறைக்கு எல்லோருக்கும் ஒரே வாடகைதான்.

இங்ஙனம்,
கரையில் நிற்கும் ஒரு வரியிறுப்பாளர்