பட்டை போட்ட கதை

உடம்பில் எங்கே வலித்தாலும் அதன்மேல் எதையாவது இறுக்கிக் கட்டிவிட்டால் பாதி குணமாகிவிட்டது என்று நம்புகிற ரகம் நான். மீதிப் பாதிக்கு டாக்டர் உடற்பயிற்சி எழுதித் தருவார். அந்தச் சீட்டுகள் எல்லாம் இன்றுவரை கசங்காமல் பத்திரமாக இருக்கின்றன.

முதலில் வந்தது முழங்கால். மருந்துக் கடையில் நீ கேப் கேட்டேன். "என்ன சைஸ் சார்?" என்றான் கடைப் பையன். சட்டைக்கு சைஸ் தெரியும், செருப்புக்குத் தெரியும். முட்டிக்கும் ஒன்று உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஓட்டலில் காப்பிக்குச் சர்க்கரை சொல்கிற தோரணையில் "மீடியம்" என்றேன். சாயங்காலத்துக்குள் முட்டிக்குக் கீழே கால் வீங்கிவிட்டது. டேப்பை வைத்து முட்டியைச் சுற்றி எப்படி அளப்பது, அந்த அளவுக்கு எந்த சைஸ் என்று அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் படம் போட்டு அட்டவணையே இருந்ததாம். பெட்டியைத்தான் கடை வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேனே.

அடுத்த அபத்தம் ஒரு கல்யாண மண்டபத்தில். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "ஏன் தாங்கித் தாங்கி நடக்கிறீங்க?" என்று கேட்டார். டாக்டர் வாயிலிருந்து விழுந்த சொற்களில் நினைவில் நின்ற ஒன்றை எடுத்து வீசினேன்: "முட்டியில ப்ராஸ்தசிஸ் போட்டிருக்கு." அவர் முகம் மாறிவிட்டது. எனக்காகப் பாயசத்தை இன்னொரு முறை கூப்பிட்டார். கை கழுவப் போகும்போது எனக்குக் கைலாகு கொடுத்து அழைத்துப் போனார். நானும் சும்மாதான் போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

அப்புறம்தான் வித்தியாசம் புரிந்தது. இல்லாமல் போன உறுப்புக்குப் பதிலாக வைப்பது ப்ராஸ்தசிஸ்: செயற்கைக் கால், செயற்கைக் கை. இருக்கிற உறுப்பைத் தாங்கிப் பிடிக்கவோ, நேராக்கவோ, அசையாமல் வைக்கவோ வெளியே மாட்டுவது ஆர்த்தோசிஸ். கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட், செருப்புக்குள் வைக்கும் இன்சோல், போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள் அணிந்த இரும்பு காலிப்பர் எல்லாம் இந்தக் குடும்பம். எந்த மூட்டுகளின் மேல் உட்காருகிறதோ அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளோடு ஆர்த்தோசிஸின் 'ஓ'வும் சேர்ந்ததே அதற்குப் பெயர். கணுக்காலும் பாதமும் என்றால் ஏ.எஃப்.ஓ.; முழங்காலும் சேர்ந்தால் கே.ஏ.எஃப்.ஓ. கைத்தடியும் வாக்கரும் இதில் சேராது, அவை நடைக்கருவிகள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு ஆர்த்தோட்டிஸ்ட். அடுத்து வந்த இடுப்பு வலிக்குப் போட்ட பெல்ட் வியர்க்கிறது, கனமாக வேறு இருக்கிறது என்று புகார் சொல்லத்தான் அவரிடம் போயிருந்தேன். அப்போது அவர் ஒரு குழந்தையின் காலுக்கு மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அச்சில் மாவு ஊற்றிக் காலின் உருவத்தைச் செய்வார்கள். சூடாக்கி இளக்கிய பாலிப்ரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, ஆறியதும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பட்டை பூட்டுவார்கள். குழந்தை அசையாமல் உட்கார்ந்து என் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கனம் பற்றி நான் ஆரம்பித்ததும் அவர் அப்துல் கலாம் கதையை எடுத்தார். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் கலாமின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். அதன் லேசு அவரை அசத்திவிட்டது. கலாமைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், 3 கிலோவுக்கு மேல் கனக்கும் உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராமில் ஒன்று தயாரானது. ஃப்ளோர் ரியாக்‌ஷன் ஆர்த்தோசிஸ் என்று பெயர். குழந்தைகள் ஓட ஆரம்பித்தார்கள்.

"உங்க பெல்ட்டுக்கு என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

திருந்தினேனா என்றால், இல்லை. கழுத்து வலிக்கு டாக்டர் சில நாள் மட்டும் போடச் சொன்ன காலரை வாரக்கணக்கில் போட்டுத் திரிந்தேன். காரணம் மருத்துவம் அல்ல, டவுன் பஸ். காலரோடு ஏறினால் காலேஜ் பையன்கூட எழுந்து இடம் கொடுக்கிறான். ஒருநாள் கழற்றினால் தலை எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆடியது. "கழுத்து வேலையைக் காலர் பார்த்தா, அப்புறம் கழுத்து எதுக்கு சார்?" என்றார் டாக்டர். தசை சும்மா இருந்தால் சோர்ந்துபோகும் என்பதை அவர் ஏற்கெனவே சொல்லித்தான் இருந்தார். நான் பஸ் நினைப்பில் இருந்தேன்.

கைத்தடியிலும் இதே லட்சணம்தான். வலது முட்டி வலி, வலது கையில் தடி. பிசியோதெரபிஸ்ட் பெண் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், இடது கைக்கு மாத்துங்க" என்றார். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்து, அந்தக் காலோடு சேர்த்துத் தடியை எடுத்து வைக்க வேண்டுமாம். செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். என் தடி கிட்டத்தட்ட விலா வரை வந்தது. கம்பீரமாக இருக்கிறதென்று வாங்கியது.

இடுப்பு பெல்ட்டை மச்சான் இரவல் கேட்டபோது தயங்காமல் கொடுத்தேன். அவர் சுற்றளவில் என்னில் முக்கால்வாசி. பெல்ட் அவருக்கு எதையும் தாங்கவில்லை, அவர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார். இனி யாரும் இரவல் கேட்டு வர வேண்டாம். டேப்பை வைத்து அளந்து வாங்குங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு தோலில் பதிந்த சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவெடுத்தே செய்ய வேண்டியவர்களுக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.