வெறும் வெள்ளை பெயின்ட்டில் வராத பனி

ஸ்கார்பரோ, டொரான்டோ

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று உங்கள் மகள் போனில் சொல்லியிருப்பாள். பாதிதான் உண்மை. சனிக்கிழமைதோறும் ஆயில் பெயின்டிங் வகுப்புக்குப் போகிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பாடம் ஒன்றுதான்: பனி.

காலமெல்லாம் கடை போர்டு எழுதின கை உங்களுடையது. “பனிதானே? வெள்ளை டப்பாவை உடைச்சு ரெண்டு கோட்டிங் அடி” என்பீர்கள். இங்கே வாத்தியாரம்மா முதல் நாளே எல்லோருடைய வெள்ளை, கறுப்பு ட்யூப்களையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, நடுவில் பட்டாணி அளவுக்கு ஓட்டை போடச் சொன்னார். வெளியே கூட்டிப்போய், பனியில் மரநிழல் விழுந்த இடத்தை அந்த ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். நம்பமாட்டீர்கள் மாமா, நீலம்! வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வானம்தானே. அன்றைக்கு மேகமில்லை, அதனால் நிழலும் நீலம். வெயில் விழுந்த பக்கம் லேசான மஞ்சள், பொழுது சாய்ந்தால் ரோஸ்.

பிறகுதான் டிராயர் திறந்தது. அல்ட்ராமரைன் நீலத்தோடு துளி பர்ன்ட் சியன்னா, அப்புறம் டைட்டானியம் வெள்ளை, இது நிழலுக்கு. அதன் பக்கத்திலேயே, ஊசிமுனை அளவு கேட்மியம் மஞ்சள் கலந்த வெள்ளையை வைத்தால் பளீரென்று கண் கூசுகிறது. அத்தை உங்கள் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவாரே, அதே வித்தை! கறுப்பு ட்யூப் இன்னும் டிராயரை விட்டு வரவில்லை. நிழலில் அது கலந்தால் பனி அழுக்காகிவிடுமாம்.

ஓவிய உலகில் இந்த நீல நிழலுக்கு முதலில் அடிதான் கிடைத்திருக்கிறது. 1868–69 குளிர்காலத்தில், பிரான்ஸில் எத்ரதா பக்கம், படல்மேல் ஒரு மாக்பை பறவை உட்கார்ந்திருக்கிற பனிப்படத்தை ஓவியர் மோனே வரைந்தார். வேலி நிழலெல்லாம் நீலம். 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சி நடுவர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு அது ஓர்சே மியூசியத்தின் பெருமை. எழுதி முடித்த போர்டில் குற்றம் கண்டுபிடித்துக் காசைக் குறைப்பார்களே, அந்த ஜாதி எல்லா ஊரிலும் உண்டு போல.

இந்த நாட்டிலும் ஒரு பனித் தீவிரவாதி இருந்தார். 1920இல் டொரான்டோவில் முதல் கண்காட்சி வைத்த ‘குரூப் ஆஃப் செவன்’ ஓவியர்களில் ஒருவர், ஏ. ஒய். ஜாக்சன். கால் புதையாமலிருக்க ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு கியூபெக் கிராமங்களில் பனி வரைந்து திரிவார். ‘பேர் ராக்கெத்’ என்றே பட்டப்பெயர். ஸ்னோஷூ பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை, எங்கள் வீட்டு வாசல்வரைக்கும்தான். வாட்டர்கலர் என்றால் தட்டிலேயே உறைந்துவிடும். ஆயில் உறையவில்லை, ஆனால் இறுகிக்கொண்டு பிரஷ்ஷோடு மல்லுக்கு நிற்கிறது. கையுறை போட்டால் பிரஷ் நழுவுகிறது; கழற்றினால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருவோரப் பனிமேட்டைப் பாதி வரைந்திருப்பேன், பனி ஒதுக்குகிற நகராட்சி லாரி வந்து அந்த மேட்டை இரண்டு மடங்காக்கி, உப்பும் சேறுமாக நம் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போனது. படத்தில் இன்னமும் சுத்தமான பழைய மேடுதான். சேற்றுக் கலரை எந்தப் பெரிய ஓவியனும் ஆசைப்பட்டு வரைந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் மகள் ஜன்னலைத் திறந்து, “வரைஞ்ச பனி போதும், கிடக்கிற பனியை அள்ளுங்க, நான் காரை எடுக்கணும்” என்றாள். எதிர்வீட்டுக்காரர் ஷவலை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

படம் இப்போது பேஸ்மென்ட்டில். உங்கள் எனாமல் மறுநாள் காயும்; இது காற்றோடு கலந்து இறுக வேண்டும், தடிமனாக அப்பின இடம் மாதக்கணக்கில் ஈரம். சின்னவன் ஸ்வெட்டர் முழங்கையில் ஏற்கனவே ஒரு நீல நிழல் ஏறிவிட்டது. டர்பன்டைன் வாடைக்குப் பயந்து உங்கள் மகள் துணி துவைக்கக்கூடக் கீழே இறங்குவதில்லை; அந்த வேலையும் என் தலையில்.

போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். “இவ்வளவு பெரிய தெருவுல ஒரு ஈ காக்காயக்கூடக் காணோமே” என்று அத்தை கேட்பார். எல்லோரும் அவரவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்