கடலில்லாத கோரமண்டலில் ஒரு கட்டடக் கமிட்டி

ஊர்ப் பெயரைச் சொன்னதும் சென்னைக்காரர்கள் கடலைப் பற்றிக் கேட்பார்கள். ஹௌரா பக்கம் வேலை பார்த்தவர்கள் ரயிலைப் பற்றிக் கேட்பார்கள். கோலார் தங்கவயலுக்குள் இருக்கிற எங்கள் கோரமண்டலில் கடலும் இல்லை, கோரமண்டல் எக்ஸ்பிரஸும் நிற்காது. மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகிற ரயில் நிற்கும். நிற்கும் என்றுதான் சொன்னேன், இடம் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய்விட்டேன். கோயிலுக்குள் நுழைய வழியில்லை. வராண்டாவிலும் அதே கதை. வேப்பமரத்தடியில் ஒருவர் தோளுக்கும் சாமியானா கம்பத்துக்கும் நடுவே விரற்கடை அளவு சந்து கிடைத்தது. அதன் வழியாக ஐயருடைய இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டு இயேசு பிறந்த செய்தியைக் கேட்டு முடித்தேன். முடிந்ததும், "கோயிலைப் பெரிசாக்காம இன்னா பண்றாங்க?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். சபையில் குறை சொல்கிறவனை அடக்க ஒரே வழிதான். அவனைக் கமிட்டியில் போட்டுவிடுவார்கள்.

கட்டடக் கமிட்டியின் முதல் கூட்டம் ஜெபத்தில் தொடங்கி லூக்காவில் மாட்டிக்கொண்டது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று 14-ம் அதிகாரத்தை எடுத்தார் பொருளாளர். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன் அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்ததை 12-ம் அதிகாரத்திலிருந்து இன்னொருவர் நினைவுபடுத்தினார். கட்டியே தீரவேண்டும் என்ற கட்சி பழைய ஏற்பாட்டுக்குப் பின்வாங்கி ஆகாய் தீர்க்கதரிசியைக் கூட்டி வந்தது. இரு தரப்பும் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்த நேரத்தில் ஐயர், "ஜெபத்தில் வைப்போம்" என்றார். எங்கள் சபை வழக்கில் அதற்கு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள்.

அடுத்த மாதம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த டீச்சரம்மா பேசினார். இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் ஆரம்பித்த கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆயிற்று; முப்பத்துமூன்று வருஷம் அவர் சலிக்கவில்லை என்றார். "அவருக்குச் சரிம்மா, நம்ம கமிட்டிக்கு மூணு வருஷம்தானே பதவி?" என்றார் பொருளாளர். எனக்கு வேறு எண்ணம் ஓடியது. அதே 1880-ல்தான் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்து தங்கத்துக்காகப் பூமியைத் தோண்டத் தொடங்கியது. அங்கே ஒரு ஊர் மேலே கட்டி முடித்த வருஷத்தில் நாங்கள் கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறோம்.

டீச்சரம்மா விடவில்லை. வேளாங்கண்ணியைப் பாருங்கள், பழைய கோயிலை இடிக்காமலே 1933-ல் இரண்டு பக்கமும் நீட்டினார்கள், 1975 வாக்கில் பின்புறமாகவும் நீட்டினார்கள், நாமும் பின்பக்கம் இருபதடி நீட்டலாமே என்றார். அதுவரை கண்ணை மூடியிருந்த தாத்தா ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். ஷாப்டில் இறங்கி, கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவர் தொழில்.

"வேளாங்கண்ணில அடியில மணல். நம்ம அடியில இன்னா இருக்குது தெரியுமா? நானு இருந்தேன்."

எழுந்து வந்து, பிரசங்க பீடத்துக்குப் பின்னால் இருக்கும் விரிசலை எங்களுக்குக் காட்டினார். தரையில் தொடங்கி ஜன்னல் மட்டம் வரை கோணல்மாணலாக ஏறும் விரிசல். ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போகும். மூன்று முறை சிமென்ட் பூசியும் மூன்று முறையும் வாயைத் திறந்துகொண்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதில் மிட்டாய்க் காகிதம் சொருகி வைத்திருந்தார்கள். சுரங்கம் ஓடிய நாளில் அடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை போன சுரங்கம் இது. குகைப்பாதைகளைக் கூட்டினால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். தாத்தா சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நாங்களும் வரிசையாகக் காதை வைத்தோம். என் காதில் ஒன்றும் விழவில்லை. "இன்னா சத்தம் தாத்தா?" என்று கேட்டேன். "சத்தம் வராத வரைக்கும் நல்லது தம்பி" என்றார்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சும் வந்தது. சுரங்க மண்ணில் பட்டா, பத்திரம் என்று யாராவது வாயெடுத்தால் கூட்டம் கலைந்துவிடும். அன்றும் கலைந்தது.

எனக்குக் கொடுத்த வேலை தலை எண்ணுவது. நாலு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மொத்தம் இருபத்திரண்டு பெஞ்சு. பின்னால் இருக்கிற பத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அங்கங்கே பல் விழுந்த வாய். முன் இரண்டு பெஞ்சில் யாருமே இல்லை. நாலு வாரமும் இல்லை. வேப்பமரத்தடியில் மட்டும் ஆறேழு பேர் நின்றார்கள். உள்ளே இடம் இருக்கிறதே என்றேன். வாரம் பூரா ரயிலில் நின்றே போய் வருகிறோம், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்றார்கள். நியாயம்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போன ஊர், அன்று முதல் இருட்டோடு எழுந்து பெங்களூரு ரயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் சபை வளரவில்லையா என்று செயலாளரைக் கேட்டேன். மனிதர் புண்பட்டுப் போனார். பதிவேட்டை எடுத்து மேஜை மேல் பொத்தென்று போட்டார். குடும்ப எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறித்தான் இருந்தது. பிள்ளைக்குக் கல்யாணமானால் புதுக் குடும்பம் என்று ஒரு வரி சேர்கிறது. பழைய வரியை யாரும் அடிப்பதில்லை. வொயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், ஓசூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் எங்கள் சபையார். சந்தா மட்டும் போன் வழியாகத் தவறாமல் வந்துவிடுகிறது.

வொயிட்ஃபீல்டில் பிளாட் வாங்கிய பையனை ரயிலில் பிடித்தேன். "அங்கேயே ஏதாவது ஒரு சர்ச்ல சேர்ந்துடலாமேப்பா, எதுக்கு ரெண்டு எடத்துல சந்தா?"

"அங்க கும்பிட எடம் இருக்குது அண்ணே. பொதைக்க எடம் இல்ல. எங்க தாத்தா, ஆயா எல்லாம் இங்கதானே கிடக்கிறாங்க?"

எங்கள் சபையின் வளர்ச்சிக் கணக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒருநாள் வந்து முட்டுகிற கூட்டத்துக்கு உண்மையில் வேண்டியது கோயிலில் இடமல்ல. இதைக் கமிட்டியில் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை. காரணம் உண்டு. வரைபடமே வராத கட்டடத்துக்கு, அடிக்கல்லில் யார் பெயர் எந்த வரிசையில் என்று ஒரு முழுக் கூட்டம் நடத்தி முடித்திருந்தோம். பெயர்களைப் பொறிக்கக் கல் கேட்டுவிட்டு, கல்லை நிறுத்துவதற்காகத்தான் சுவர் கேட்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். என் பெயர் ஏழாவது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதற்கிடையில் அறுப்பின் பண்டிகை ஏலம் வந்தது. கட்டட நிதிக்கென்று ஒரு பூசணிக்காயை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் நிதிக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். அதையே நாலு முறை விற்றார்கள். நாலாவது ஆள் நான். எனக்குத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரி இருந்தாள். வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பூசணிக் குழம்பு.

கடைசியில் வாக்கெடுப்பு இல்லாமலே முடிவாயிற்று. பின்பக்கம் நீட்டுவதில்லை. வராண்டா பக்கத்து ஜன்னல் ஒன்றை வாசலாக்கினோம். தாத்தா நின்று முட்டுக் கொடுக்கச் சொன்ன பிறகுதான் கொத்தனார் உளியை எடுத்தார். அறுபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். மீதிப் பணத்தில் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் மண்டியிருந்த முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, சமமாக்கியாயிற்று. கல்வெட்டு கேட்டவர்களிடம் கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் பெயர் போடலாமா என்றார் பொருளாளர். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 24-க்குச் சாமியானாக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டோம். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் நின்று கோயில் சின்னது என்று சொல்லாதீர்கள், உங்களையும் கமிட்டியில் போட்டுவிடுவார்கள். புது வாசல் வழியாக உள்ளே வாருங்கள். முன் இரண்டு பெஞ்சு அன்றைக்கும் காலியாகத்தான் இருக்கும்.